ஓர் இரவு பொறுக்காத வட்டம்

2025 அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை. காலை 5.40க்கு எழுந்தேன். பல் துலக்கி, கால்மணி நேரம் கைகால்களை நீட்டி மடக்கி, படுக்கை விரிப்பை நான்கு மூலையும் இழுத்துச் சரிசெய்து, கொண்டுவந்திருந்த டீத்தூளை எடுத்து வைத்துவிட்டு வெந்நீருக்கு வழி தேடினேன். கோத்தகிரியில் என் வீட்டிலும் இதே வரிசைதான். ஆனால் அங்கே அடுப்பு என்று ஒன்று உண்டு. இத்தாலியின் பலேர்மோவில் எங்களைத் தங்கவைத்த பழைய மாளிகையின் இரண்டாம் மாடி அறையில் நாற்காலிகள் மட்டும் பதினாறு இருந்தன. எண்ணினேன். வெந்நீர் போட ஒரு பாத்திரம் இல்லை.

பொன்னி எனக்கு முன்பே விழித்து, மல்லாந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூரை முழுக்க ஓவியம். மேகங்கள், மேகங்களின் மேல் இறக்கை முளைத்த குண்டுக் குழந்தைகள்.

“ஏனுங்க டீச்சர், இத்தனை செலவு பண்ணிக் கட்டியிருக்காங்க. இந்தப் பசங்களுக்கு ஆளுக்கொரு டவுசர் போட்டுவிட்டிருக்கலாமுங்க.”

பொன்னி சோலைக்கொம்பை என்ற இருளர் ஊரின் சங்கத் தலைவர். முப்பத்து நான்கு வீடுகள். பகலில் தேயிலை பறிப்பார், மாலையில் சங்க வேலை பார்ப்பார். நான் அந்தச் சங்கத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கும் பள்ளி ஆசிரியை, வயது ஐம்பத்திரண்டு. இந்தப் பயணத்தில் மொழிபெயர்ப்பாளர்.

வந்த காரியம் இது. ஊருக்கு மேலே பன்னிரண்டு ஏக்கர் தேயிலை, கவனிப்பாரற்றுக் காடாகிக் கிடக்கிறது. ஊர் குடிக்கும் ஊற்று அதற்குள்தான் இருக்கிறது. உரிமையாளர் அதை விற்கப் போகிறார். ஒரு ரிசார்ட்டுக்காரர் இரண்டு முறை வந்து அளந்துவிட்டுப் போனார். சங்கத்துக்கு உரிமையாளர் இந்த மாதக் கடைசிவரை தவணை கொடுத்திருக்கிறார். அந்த நிலத்தை வாங்கத் தேவையான தொகையைத் தருவதாக ஐரோப்பிய அறக்கட்டளை ஒன்று எழுதியிருந்தது. பெயர் வேர்களின் வட்டம். பழங்குடிகளும் கறுப்பின மக்களும் தங்கள் நிலத்தைத் தாங்களே காக்க, தாங்களே தலைமை ஏற்க, தாங்களே முடிவெடுக்க உதவுவது அதன் நோக்கம் என்று கடிதத் தலைப்பிலேயே அச்சடித்திருந்தார்கள். அதற்கு முன் மூன்று நாள் பலேர்மோவுக்கு வந்து தங்களுடன் அமர வேண்டும் என்பது மட்டும்தான் வேண்டுகோள்.

ஆறரைக்குக் கதவு தட்டப்பட்டது. சாவிக்கொத்தும் கொதிக்கும் கெட்டிலுமாக ஒரு பெண்.

“நீங்கள் தமிழ் எண்டு சிஞ்ஞோரா சொன்னவ. தேத்தண்ணி இல்லாமல் என்ன செய்வீங்கள் எண்டு கொண்டு வந்தனான்.”

அவர் ஜெயந்தி, யாழ்ப்பாணத்துக்காரர். இருபத்திரண்டு வருடமாக இந்த மாளிகையின் சொந்தக்கார அம்மாளுக்கு வீட்டு வேலை. அந்த அம்மாள்தான் ‘சிஞ்ஞோரா’. அவர் இப்போது கடற்கரை வீட்டில் இருக்கிறார். மாளிகையைக் கூட்டங்களுக்கு வாடகைக்கு விடுகிறார். மூன்று மாடியும் ஜெயந்தி ஒருவர் கையில்.

பத்து மணிக்கு வட்டம் கூடியது. உண்மையிலேயே வட்டம்தான். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, நடுவில் ஒரு தட்டில் மண் வைத்திருந்தார்கள். நடத்துபவர் கிளாரா. எந்த ஊர் என்று கேட்டேன். “நான் பல இடங்களுக்குச் சொந்தமானவள்” என்றார். நோட்டில் ‘ஊர்: தெரியவில்லை’ என்று எழுதிக்கொண்டேன். கையில் ஒரு சிறு மணி. யாராவது நீளமாகப் பேசினால் அடிப்பார். அவர் பேசும்போது மணி மடியில் கிடக்கும்.

முதல் நிகழ்ச்சி, நாம் அமர்ந்திருக்கும் மண்ணின் மூத்த காவலர்களை வணங்குவது. இதைக் கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ சொன்னால் பொருள் உண்டு. பலேர்மோவில் பினீசியர், ரோமர், அரபியர், நார்மானியர், ஸ்பானியர் என்று வந்தவர்கள் எல்லாரும் முன்னால் இருந்தவரைத் துரத்திவிட்டு உட்கார்ந்தவர்கள். யாரை விடுவது என்று தெரியாமல் கிளாரா எல்லாரையும் வணங்கினார். பதினொரு நிமிடம் ஆனது. கதவுக்கு வெளியே தரை துடைத்துக்கொண்டிருந்த ஜெயந்தி, தண்ணீர் கேட்டுப் போன என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “உவையள் கும்பிடுற ஆக்கள் ஒருத்தரும் இப்ப இஞ்சை இல்லை. வாடகை வாங்கிற ஆள் மட்டும் இருக்கிறா.”

அடுத்து, பேசுபவர் கையில் ஒரு செதுக்கிய கோலைக் கொடுத்தார்கள். கோல் வைத்திருப்பவர்தான் பேசலாமாம். பொன்னி அதை மூக்கருகே கொண்டுபோய், நகத்தால் கீறிப் பார்த்தார். எல்லாரும் மூச்சை அடக்கிக் காத்திருந்தார்கள். “பச்சை மரமுங்க. காயறதுக்கு முன்னாடி செதுக்கிட்டாங்க. வெடிச்சுரும்” என்றார். நான் அப்படியே மொழிபெயர்த்தேன். இரண்டு பேர் கண்ணை மூடித் தலையசைத்தார்கள். ஒருவர் எழுதிக்கொண்டார்.

எனக்கு இடப்பக்கம் லாமின். காம்பியாவிலிருந்து கடல் கடந்து வந்து பத்து வருடமாக பலேர்மோவில் இருப்பவர். நகர ஓரத்தில் கைவிடப்பட்ட எலுமிச்சைத் தோப்பு ஒன்றை நண்பர்களோடு சேர்ந்து திருத்திப் பயிர்செய்கிறார். வட்டத்தின் கறுப்பினத் தலைவர் அவர்தான். “எப்போதிலிருந்து தலைவர்?” என்று கேட்டேன். “கடிதம் வந்த நாளிலிருந்து. அதற்கு முன்பு தண்ணீர் கட்டுகிறவன்” என்றார்.

மதிய உணவில் என் தவறு ஒன்று வெளிப்பட்டது. ஆறு வாரத்துக்கு முன் ஒரு படிவத்தில் ‘உங்கள் மரபு உணவு’ என்று ஒரு கட்டம் இருந்தது. காலியாக விட மனமில்லாமல் சாமை, ராகி, கீரை என்று நிரப்பியிருந்தேன். அதன் பலன், எல்லாரும் கத்தரிக்காயும் தக்காளியும் புரண்ட பாஸ்தா சாப்பிட, பொன்னிக்கு மட்டும் ஒரு மரக்கிண்ணத்தில் உப்பில்லாமல் அவித்த தானியம், மேலே நான்கு பச்சிலை. மரியாதையாம்.

“டீச்சர், வீட்டுல ரேசன் அரிசி திங்கறேன். இதைத் திங்கவா ஏரோப்பிளேன் ஏறுனேன்?”

மாலை வியா மக்வேதா என்ற கடைத்தெருவுக்குப் போனோம். அங்கே ஆறு மணிக்கு ஊரே நடக்கிறது. எங்கும் போவதற்காக அல்ல, சும்மா நடக்கிறது. ஒரு தள்ளுவண்டியில் கடலைமாவைத் துண்டு போட்டுப் பொரித்து ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்தார்கள். வாழைக்காயை மறந்துவிட்டுப் போட்ட பஜ்ஜி என்று சொல்லலாம். பொன்னி மூன்று சாப்பிட்டார். மின்சார ஸ்கூட்டரில் வந்த ஒருவன் என் கால்விரல்மேல் ஏற்றிவிட்டு, “அழகான சேலை, அம்மா!” என்று ஆங்கிலத்தில் கத்திக்கொண்டு போனான். ஊட்டியில் ஏற்றியிருந்தால் ‘கண்ணு தெரியலையா’ என்று என்னைத்தான் கேட்டிருப்பான். இதை முன்னேற்றம் என்று கொள்கிறேன்.

திரும்பி வந்ததும் கிளாராவிடம் ஒப்பந்தத்தின் நகல் கேட்டேன். “முதலில் நம்பிக்கை, பிறகு காகிதம்” என்றார்.

மறுநாள் புதன். லாமினின் தோப்பைப் பார்க்கப் பயணம். ஒன்பதுக்கு வர வேண்டிய சிற்றுந்து 9.50க்கு வந்தது. ஏறிய ஏழாவது நிமிடத்தில் ஒரு சந்தில் மாட்டிக்கொண்டது. எதிரே மூன்று சக்கர சரக்கு வண்டி ஒன்று, நம் ஆட்டோவின் முதுகில் பெட்டி கட்டினாற்போல, நடுத்தெருவில் நின்றது. உரிமையாளரைக் காணோம். பின்னால் பதினைந்து கார்களின் ஹாரன். மாடியிலிருந்து ஒரு பாட்டியம்மாள், “அவன் முடிவெட்டிக்கொள்ளப் போயிருக்கிறான், அவசரப்படுத்தாதீர்கள், போன தடவை காதை வெட்டிவிட்டார்கள்!” என்று கூவினார். லாமின்தான் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார்.

கிளாரா எல்லாரையும் கண்மூடி மூச்சை உணரச் சொன்னார். நான் நான்கு மூச்சு உணர்ந்தேன். கண் திறந்தபோது பொன்னியும் லாமினும் எங்கள் ஓட்டுநரும் கீழே இறங்கி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து அந்த வண்டியைத் தூக்கிச் சுவரோரம் வைத்துக்கொண்டிருந்தார்கள். கிளாரா கண் திறந்து, “பார்த்தீர்களா, வெளி தானாகத் திறந்தது” என்றார்.

தோப்பு நன்றாக இருந்தது. அதை மட்டும் எந்தக் கேலியும் இல்லாமல் எழுத வேண்டும். கல் தொட்டியிலிருந்து மரத்துக்கு மரம் தண்ணீர் ஓடும் பழைய வாய்க்கால்களை லாமினும் நண்பர்களும் முள்ளும் குப்பையும் நீக்கி மீட்டிருந்தார்கள். இலைகளில் தூசி இல்லை. பொன்னி வாய்க்கால் ஓரமாகவே குனிந்து நடந்து, ஓரிடத்தில் நின்றார். லாமினைக் கையால் கூப்பிட்டார். இருவருக்கும் பொதுமொழி ஒன்றுமில்லை. பொன்னி தரையைக் காட்டினார், லாமின் உதட்டைப் பிதுக்கினார், அவர் மேட்டைக் காட்டினார், இவர் சிரித்தார்.

கிளாரா ஒளிப்பதிவாளரைக் கூட்டிவந்தார். “பொன்னி, இந்த நிலம் உங்களிடம் என்ன சொல்கிறது?”

“இங்க மண்ணு அடைச்சிருக்குதுங்க. மம்பட்டி இருக்குதுங்களா?”

மொழிபெயர்த்தேன். கிளாரா என் பக்கம் சாய்ந்து, “இதன் ஆழ்ந்த பொருள் என்ன?” என்றார்.

“மண்வெட்டி வேண்டுமாம்” என்றேன்.

வரும் வழியில் லாமின் தன் கதையைச் சொன்னார். தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற ஒரு மோட்டார் கேட்டு எழுதியிருந்தார். வட்டம் அதைப் பரிசீலித்து, ஒன்பது மாதத் தலைமைப் பயிற்சி தருவதாக முடிவு செய்திருக்கிறது. சான்றிதழ் உண்டு. “வாளியால் இறைத்துக்கொண்டே தலைமை தாங்குவேன்” என்றார். கிளாராவுக்கும் கேட்டது. “அற்புதமான உருவகம்” என்றார்.

கொடையாளிகள் பற்றியும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஒரு முதியவரும் அவர் மகளும். பூமியின் நலன் கருதி விமானம் ஏறுவதில்லை. நேப்பிள்ஸிலிருந்து கப்பலில் வந்திருக்கிறார்கள், வியாழன் இரவு எட்டு மணிக் கப்பலில் திரும்புகிறார்கள். பணம் எந்த வழியில் வந்தது என்று கேட்டேன். “குடும்பச் சொத்து” என்றார் கிளாரா. தோட்டங்களா என்று கேட்டேன். “சிக்கலான வரலாறு” என்றார். நான் தேயிலை மலையில் பிறந்தவள். அந்தச் சிக்கல் எனக்குக் கொஞ்சம் பரிச்சயம்.

ஒப்பந்த நகலை இரண்டாம் முறை கேட்டேன். நம்பிக்கை இன்னும் முற்றவில்லை என்று தெரிந்தது.

இரவுச் சாப்பாட்டுக்கு ஜெயந்தி எங்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். போர்கோ வெக்கியோ, துறைமுகத்துக்கு இந்தப் பக்கம். தெருவிலேயே மீன் கடை, தெருவிலேயே துணி காய்கிறது, தெருவிலேயே நாற்காலி போட்டுச் சண்டை. கணவர் ராசன் துறைமுகத்தில் கப்பல் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை பார்க்கிறார். புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு, சம்பல். பொன்னி இரண்டு நாள் பசியையும் ஒன்றாகத் தீர்த்தார்.

“வடிவாச் சாப்பிடுங்கோ அக்கா. அங்கை உங்களுக்கு ஆட்டுக்குப் போடுற இலையெல்லே போடினம்.”

“ஆட்டுக்குன்னா உப்பாவது வெப்பமுங்க.”

அக்டோபர் 16, வியாழன். காலை 9.30க்கு நம்பிக்கை முற்றி, காகிதம் வந்தது. பதினொரு பக்கம். மாலை ஐந்து மணிக்குக் கையெழுத்து விழா. நான் ஒவ்வொரு பக்கமாக, விரல் வைத்துப் படித்தேன். தொகை சரி. நிலம் சங்கத்தின் பேரில், சரி. ஒன்பதாம் பக்கத்தில் விரல் நின்றது. ஊற்றுகள், தேன் பாறைகள், வழிபாட்டு இடங்கள் ஆகியவற்றின் துல்லியமான இடக்குறிப்புகளை, உலகில் எவரும் பார்க்கக்கூடிய ‘உயிர் வரைபட’த்துக்குச் சமுதாயம் மனமுவந்து வழங்கும்.

பொன்னிக்கு இரண்டு முறை வாசித்துச் சொன்னேன்.

“தேன் பாறை எங்கெங்க இருக்குதுன்னு எம் புருசனுக்கே பாதிதானுங்க தெரியும். மிச்சம் வேற வகையறாவுதுங்க. ஒலகத்துக்கே சொல்லோணுமா?”

ரிசார்ட்டுக்காரரிடமும் கைப்பேசி இருக்கிறது என்பதை நான் சேர்த்துச் சொன்னேன்.

“சரிங்க. ஊருல கேக்கறேன்.”

இங்கே சோலைக்கொம்பையின் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த ஊரில் ஒரு விஷயத்தைக் கேட்ட அன்றே பதில் சொல்ல மாட்டார்கள். எல்லா வீட்டுக்கும் சொல்லி, ஓர் இரவு படுத்து எழுந்து, காலையில்தான் சொல்வார்கள். பெண் கேட்டு வந்தாலும் சரி, ஆட்டு விலை பேச வந்தாலும் சரி. கேட்டவுடனே ‘ஆகட்டும்’ என்றால் ஆசை பேசியிருக்கிறது என்று அர்த்தம், ‘முடியாது’ என்றால் கோபம் பேசியிருக்கிறது என்று அர்த்தம். இதனால் நானே பலமுறை பொறுமை இழந்திருக்கிறேன். அரசாங்க அதிகாரிகள் ஜீப்பில் வந்து இழந்திருக்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஊர் பலேர்மோவைவிட மூன்றரை மணி நேரம் முன்னே. பறிக்கப் போனவர்கள் வீடு திரும்பும்போது இங்கே பிற்பகல் இரண்டரை. அப்போது சொன்னால் பதில் நாளைக் காலை. விழா இன்று ஐந்துக்கு. இடையில் ஒரே ஓர் இரவுதான் இடிக்கிறது.

கிளாராவிடம் போனோம். சமுதாயமே முடிவெடுக்க ஓர் இரவு வேண்டும் என்று சொன்னேன். அவர் என் கைகளைப் பிடித்துக்கொண்டார். “உங்கள் காலக்கணக்கை நாங்கள் மிகவும் மதிக்கிறோம். ஆனால் கப்பல் எட்டு மணிக்கு.” இன்று கையெழுத்தாகாவிட்டால் தொகை அடுத்த வட்டத்துக்குப் போய்விடும். அடுத்த வட்டம் அடுத்த வருடம். “பொன்னி தலைவர் அல்லவா? தலைவர் முடிவெடுக்கலாமே?”

“ஊரு சொன்னதை வந்து சொல்றவங்கதானுங்க தலைவரு” என்றார் பொன்னி.

கிளாரா இதைத் தன் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு, ஐந்து மணிக்குத் தயாராக இருக்கச் சொன்னார்.

அறைக்கு வந்ததும் நான்தான் ஆரம்பித்தேன். மாதக் கடைசிக்கு இன்னும் பதினைந்தே நாள். கையெழுத்தைப் போட்டுவிடலாம், வரைபடம் கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம், ஊற்றுப் போய்விட்டால் எந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டேன். குரல் உயர்ந்திருக்க வேண்டும், கெட்டில் எடுக்க வந்த ஜெயந்தி வாசலிலேயே நின்றார். அவரும் என் கட்சிதான்.

“போட்டிட்டு வாங்கோ அக்கா, பிறகு பாப்பம். நாங்கள் இஞ்சை இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோவுக்கு எத்தினை கடதாசியிலை வாசிக்காமல் கையெழுத்து வைச்சனாங்கள்! வாசிச்சிருந்தால் இண்டைக்கும் விசா இல்லாமல் நிண்டிருப்பம்.”

“உங்களுக்கு வேற வழி இல்லைங்க. நீங்க தனியா நின்னீங்க” என்றார் பொன்னி. பிறகு என்னைப் பார்த்தார். “நீங்க மணி அடிச்சாப் பேப்பரைப் புடுங்கற ஆளுங்க டீச்சர். இது பரீட்சை இல்லீங்க. நான் இன்னைக்குப் போட்டுட்டுப் போனா, ஊத்து இருக்கும். ஊருல எம் பேச்சு இருக்காது.”

இரண்டரைக்கு ஜெயந்தியின் துணி வெளுக்கும் அறையிலிருந்து ஊருக்குப் பேசினார். அங்கேதான் சிக்னல். வரைபடம், கப்பல், அடுத்த வருடம், மூன்றையும் மறைக்காமல் சொன்னார். நான் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். பேச்சு நாற்பது நிமிடம், முதல் பத்து நிமிடம் இந்த ஊரில் ஆடு உண்டா என்பதைப் பற்றி.

ஐந்து மணிக்கு விழா. பூக்கள், சிறிய இசைக்குழு, ‘நிலம் முடிவெடுக்கிறது’ என்று எழுதிய துணி. முதல் வரிசையில் கொடையாளி முதியவர், மெலிந்து, நல்ல கோட்டில், காது கேட்கும் கருவியைத் திருகியபடி. லாமின் தன் பயிற்சிக்குக் கையெழுத்திட்டுவிட்டு வந்து, பேனாவைப் பொன்னியிடம் கொடுத்தார். பொன்னி அதைத் திரும்ப அவர் சட்டைப் பையில் செருகிவிட்டு எழுந்து நின்றார்.

“நீங்க கேட்டதை ஊருக்குச் சொல்லிட்டனுங்க. நாளைக்குக் காத்தால பதில் சொல்றோம்.”

நான் வாயைத் திறப்பதற்குள் கிளாரா முதியவரின் காதில் உரக்கச் சொன்னார்: “மனதால் சம்மதித்துவிட்டார். நாளை ஒரு சடங்கு இருக்கிறது.”

இருபத்தெட்டு வருடம் பிழை திருத்தி வாழ்ந்தவள் நான். சும்மா இருந்தால் நல்லது என்று தெரிந்தும் எழுந்தேன். “இல்லை. சம்மதம் சொல்லவில்லை. நாளைக் காலை பதில் சொல்வார்கள். அது ‘வேண்டாம்’ என்றும் இருக்கலாம்” என்றேன். இசைக்குழுவில் ஒருவர் வாசிப்பை நிறுத்தினார். கிளாரா மணியை அடித்தார், யாருக்கு என்று தெரியவில்லை. மகள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முதியவர் பொன்னியைப் பார்த்துக் கையசைத்துவிட்டு, கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

ஆறு மணிக்கு முதியவர், மகள், கிளாரா, வட்டத்தார் எல்லாரும் பெட்டிகளோடு துறைமுகத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். நான் படிக்கட்டில் உட்கார்ந்தேன். பன்னிரண்டு ஏக்கரும் எட்டு மணிக் கப்பலில் போவதாகத் தோன்றியது. என் வாயால்தான் போகிறதோ என்றும் தோன்றியது. பொன்னி பக்கத்தில் உட்கார்ந்து, விழாவுக்கு வைத்திருந்த தட்டிலிருந்து எடுத்துவந்த பொரித்த அரிசி உருண்டையை இரண்டாகப் பிட்டு, பெரிய பாதியை எனக்குக் கொடுத்தார்.

அன்று மத்தியானத்திலிருந்தே தெற்குக் காற்று, வெக்கையும் மணலுமாக அடித்துக்கொண்டிருந்தது. நான் சன்னல்களைச் சாத்தியதோடு சரி. 6.35க்கு ஜெயந்தி கைப்பேசியும் கையுமாக ஓடிவந்தார்.

“ராசன் எடுத்தவர். கடல் பொல்லாததாம். நேப்பிள்ஸ் கப்பல் போகேல்லை. நாளைக்கு மத்தியானந்தானாம்!” பிறகு முகம் மாறியது. “ஐயோ, அப்ப அவையள் எல்லாரும் திரும்பி இஞ்சைதான் வருவினம். ஆறு கட்டிலுக்கு விரிப்பு மாத்த வேணும்.”

நாங்கள் மூவரும் சேர்ந்து மாற்றினோம். நான்கு மூலையும் நான் இழுத்துவிட்டேன். ஏழரைக்கு வேர்களின் வட்டம் தலைமுடியெல்லாம் மணலாக, பெட்டிகளை இழுத்துக்கொண்டு படியேறியது. சமைப்பவர்கள் போய்விட்டார்கள். பொன்னிக்காக வாங்கிய தானியம் மட்டும் நிறைய மீதம் இருந்தது. ஜெயந்தி அதை அவித்து, பச்சிலை தூவி, எல்லாருக்கும் பரிமாறினார். கிளாரா இரண்டு கரண்டிதான் சாப்பிட்டார்.

மறுநாள் வெள்ளி. காலை 5.10க்கு, நான் எழுவதற்கு முன்பே, ஊரிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே எட்டு நாற்பது. ஒருவரும் பறிக்கப் போகவில்லையாம். பொன்னியின் நாத்தனார் பேசினார், பின்னால் எல்லாரும் பேசினார்கள். பதில் இது. வரைபடம் இல்லை. ஊற்றைப் பார்க்க ஆசைப்பட்டால் கொடுப்பவர்கள் ஊருக்கு வரட்டும், நடத்திக் கூட்டிப்போகிறோம், தண்ணீர் தருகிறோம். அதற்குச் சம்மதமானால் பணம் வாங்கிக்கொள்கிறோம். இல்லையென்றால் உரிமையாளர் வீட்டு வாசலில் முப்பத்து நான்கு வீடும் போய் உட்கார்கிறோம்.

நான் பல் துலக்கவில்லை, விரிப்பையும் இழுத்துச் சரிசெய்யவில்லை. விளக்கைப் போட்டு, ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பக்கத்தை எடுத்து, அடிக்கோலை வைத்து அந்த ஐந்து வரியையும் கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில் ஊரின் பதிலைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினேன். அதன் கீழேயும் கடைசிப் பக்கத்திலும் பொன்னி, எழுத்து எழுத்தாக, அவசரமில்லாமல் கையெழுத்திட்டார்.

கீழே முற்றத்தில் முதியவர் தனியாகக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். பதிலை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னேன், அடித்த இடத்தை விரலால் காட்டினேன். அவர் தலையாட்டினார். “எங்கே போட வேண்டும்?” என்றார். காட்டினேன். கோடு போட்ட இடத்தில் ஒன்று, கடைசிப் பக்கத்தில் ஒன்று. பதினொரு பக்கத்தில் எதையும் படிக்கவில்லை. கிளாரா இரவு உடையோடு படிகளில் இறங்கி, “இதை வட்டம் கூடிப் பேச வேண்டும்!” என்று வந்து சேர்வதற்குள் அவர் பேனாவை மூடி, என் கையில் கொடுத்துவிட்டு, காப்பிக்குச் சர்க்கரை போட்டுக்கொண்டார்.

பொன்னி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

“பாவமுங்க டீச்சர். இத்தனை பெரிய விசயம். இருங்க, கேட்டுட்டு வர்றேன்னு சொல்றதுக்கு அந்த மனுசனுக்கு ஒரு ஊரு இல்லையாட்ட இருக்குது.”